இன்ஸ்பெக்டர் உறுமிய கொலு

வீட்டில் யார் புதுச் செருப்பு வாங்கி வந்தாலும், எனக்கு முதலில் வேண்டியது டப்பாவுக்குள் கிடக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலம்தான். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். போன வாரம் மகள் ஷூ வாங்கி வந்தாள். காலுக்குச் சரியாக இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "உனக்கு ஒரு ஷூக்கடையே வெச்சுக் குடுக்கணும்மா" என்கிறாள். சிரிக்கட்டும். கொல்கத்தா மழைக்காலத்தில் காகிதத்தைக் காப்பாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பொட்டலத்தின் அருமை தெரியும்.

நான் சேர்ப்பது படக்கதைப் பக்கங்கள். அச்சான புத்தகம் இல்லை. அச்சுக்குப் போகுமுன் ஓவியர் தன் கையால் மையில் வரைந்த மூலப் பக்கம். புத்தகத்தில் பார்ப்பதைவிடப் பெரிதாக இருக்கும். அடியில் நீலப் பென்சில் கோடு தெரியும். தப்பிப்போன மூக்கின் மேல் வெள்ளைச் சாயம் மேடு கட்டியிருக்கும். வசனங்களைத் தனித்தாளில் எழுதி, வெட்டி, பேசுகிறவர் வாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். அந்தத் துண்டுகள்தான் பிறகு என் மானத்தை வாங்கின.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகிக் கொல்கத்தா வந்து லேக் மார்க்கெட் பக்கம் வாடகைக்கு இருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் நானும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். வங்காளி சரளமாகப் பேசுவேன். கத்தரிக்காய்க்காரரிடம் நான் பேரம் பேச ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரர் வேடிக்கை பார்ப்பார். ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான், பஸ் நம்பரை வைத்தே காலத்தை ஓட்டியவர்கள். சிறுவர் பத்திரிகைகளை நான் வாங்கியது படங்களுக்காக மட்டுமே. அவற்றில் ஒன்றில் சுந்தரவனத்துப் புலி ஒன்றும், அதைத் துரத்தும் தொப்பை இன்ஸ்பெக்டரும் மாதாமாதம் வருவார்கள். அந்தப் புலியின் முழியில் நான் சொக்கிப்போயிருந்தேன்.

அதை வரைகிறவர் காளிகாட்டில்தான் இருக்கிறார் என்று அலுவலகத் தோழி ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனாள். பூக்கடைத் தெருவைத் தாண்டி ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். உள்ளே மையும் பசையும் கலந்த வாசனை. ஒரு பக்கம் கொடுப்பீர்களா என்று நான் கேட்டதும் அவருக்கு என்மேல் பரிதாபமே வந்துவிட்டது. "சாபா ஹொயே கேச்சே தோ" என்றார். அச்சாகிவிட்டதே, இனி இதில் என்ன இருக்கிறது என்று அர்த்தம். இருந்தாலும் ஒன்றை உருவிக் கொடுத்தார். அவருடைய மனைவி, வங்காளி வழக்கில் எனக்கு மாஷிமா, அதாவது பெரியம்மா, பழைய காலண்டர் தாளில் சுற்றித் தந்தார். வீடுவரை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு என்னைவிடப் பணக்காரி இந்த ஊரில் இல்லை.

வைப்பது எங்கே? மெத்தைக்கு அடியில் வைத்தேன். ஒரே மழையில் ஓரம் நெளிந்துவிட்டது. கடைசியில் அம்மாவின் பீரோவில், வசம்புத் துண்டு போட்ட பட்டுப்புடவை அடுக்குக்கு நடுவில் இடம் கேட்டேன். "கூரைப்புடவை பக்கத்துல புலியா?" என்றாள் அம்மா. ஆனாலும் இடம் விட்டாள். புடவைக்குச் செய்ததையெல்லாம் புலிக்கும் செய்தாள். வெயில் வந்தால் இரண்டையும் சேர்த்தே காற்றாட வைப்பாள்.

சில வருஷங்களில் ஓவியர் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது மாஷிமா ஒரு செய்தி சொன்னார். பெஹாலாவில் மகனோடு இருக்கப் போகிறார். வரைந்த பக்கங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அங்கே இடமில்லை, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம் என்கிறான் மகன். எனக்குக் கொடுங்கள் என்று கேட்டே விட்டேன். ஏற்கெனவே கொடுத்ததை எப்படி வைத்திருக்கிறாய், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அப்போது நவராத்திரி. அம்மாவிடம் கெஞ்சி, கொலுப் படிக்குப் பின்னால் சுவரில் அந்தப் பக்கத்தை மாட்ட அனுமதி வாங்கினேன். "ஐயப்பனே புலி மேலதான் வரார், இருந்துட்டுப் போகட்டும்" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். பீரோவிலிருந்து எடுத்தால், பசை காய்ந்து வசனத் துண்டுகள் எல்லாம் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தன. ஒன்றையும் விடாமல் பொறுக்கினேன். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, எந்தத் துண்டு எந்த இடத்துக்கு அளவாக இருக்கிறது என்று பார்த்து அழகாக ஒட்டினேன். கண்ணாடித்தாள் போட்டு மாட்டினேன். சுண்டலுக்கு வந்த குழந்தைகள், பள்ளியில் வங்காளி படிக்கிறவர்கள், அதன் முன்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓவியத்தை எவ்வளவு ரசிக்கிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தெருவில் பூஜைக் கொட்டு முழங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் மாஷிமா வந்தார். பொம்மைகளைப் பார்க்கவில்லை. நேரே பக்கத்தின் முன்னால் போய் நின்றார். "எடா கே லாகியேச்சே?" என்றார் பிறகு. இதை ஒட்டியது யார்?

"ஆமி" என்றேன், பெருமையாக.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். நான் ஒட்டிய ஒட்டில் புலி துப்பாக்கியில்லாமலே "அசையாதே, சுட்டுவிடுவேன்" என்று மிரட்டிக்கொண்டிருந்தது. தொப்பை இன்ஸ்பெக்டர் "ஹாலும்" என்று உறுமிக்கொண்டிருந்தார். வங்காளப் புலிகள் அப்படித்தான் உறுமும். பெட்டி பேப்பர்காரருக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். எனக்குப் படிக்க வராது மாஷிமா என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் துண்டுகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னது இது, என் தமிழில்: "படிக்கத் தெரியல உனக்கு. ஆனா ஒரு துண்டுகூடத் தொலைக்கல. படம் அவரோடது. இந்த எழுத்தெல்லாம் நான் எழுதினது. என் பேரை யாரும் போட்டதில்ல."

கட்டிலில் பலகையை வைத்துக்கொண்டு, கல்யாணமானதிலிருந்து அத்தனை வசனமும் அவர் கையெழுத்தாம். பசை கேட்டார். சுண்டல் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, நகத்தால் துண்டுகளை நெம்பி எடுத்து அவரவர் வாயில் அவரே ஒட்டினார். கிளம்பும்போது அம்மா ஒரு கணமும் யோசிக்காமல் தாம்பூலத் தட்டை அவரிடமும் நீட்டினாள். அடுத்த வாரம் டாக்ஸியின் தலையில் டிரங்குப் பெட்டி வந்து இறங்கியது.

அப்புறம் மூடியில் ரப்பர் போட்ட காற்றுப்புகாப் பெட்டி, அமிலமில்லாத தாள், இந்தச் சிலிக்கா ஜெல் என்று எத்தனையோ கற்றுக்கொண்டேன். காளிகாட் வீடு அடுக்குமாடியாகிவிட்டது. பத்திரிகை நின்றே போனது. மாஷிமாவும் இல்லை. இப்போது வரைகிறவர்கள் நேரே கண்ணாடித்திரையில் வரைகிறார்கள், உதிர்வதற்குக்கூட ஒன்றுமில்லை.

சமீபத்தில் ஒரு சிறிய அரங்கில் என் பக்கங்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டார்கள். ஒரே நிபந்தனை போட்டேன்: ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பெயர் வேண்டும், படம் இன்னார், எழுத்து இன்னார் என்று. போட்டார்கள். நான் அங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். ஓவியம் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண் சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு முட்ட எழுத்தையே பார்த்தாள்.

"இது என்ன ஃபாண்ட், ஆன்ட்டி? எங்க டவுன்லோட் பண்ணலாம்?"

மாஷிமாவின் பெயரைக் காட்டினேன்.

"ஒரு அம்மாவோட கை அது. இனிமே வராது. இருக்கறது அத்தனையும் எங்கிட்ட இருக்கு."