கப்பல் தளத்தில் சேற்றுக் கால்

கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. பெயர் துரைராஜ். நெய்வேலி சுரங்கத்தில் இருபத்தாறு வருடமாக பம்ப் ஆபரேட்டர். மணிக்கு மணி ரீடிங் பார்த்து லாக் புக்கில் எழுதுவதுதான் வேலை. அதனால் நேரம் மட்டும் எனக்குத் தப்பாது. இதில் வரும் ஒவ்வொரு நிமிடமும் நிஜம். நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

போன செப்டம்பரில் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். மனைவி பிரபாவதியைச் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பலில் கூட்டிப்போனேன். முன்னும் பின்னும் எனக்கு ஆஃப். நடுவில் ஒரு நாள்தான் இடித்தது, லீவு மிச்சமில்லை. எங்களுக்குள் வழக்கமாகச் செய்வதுபோல ஆள் மாற்றிக்கொண்டோம். கூட வேலை பார்க்கும் கலியன் காலை ஆறு மணி ஷிப்டை முடித்து, இரண்டு மணிக்கு என் ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பான். பம்ப் ஹவுஸில் ஓர் ஆள்தான். அடுத்த ஆள் வந்து, "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்று சொல்லாமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது. விட்டால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிடும்.

கப்பல் ஏறும்போது கலியனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, காய்ச்சலுங்க. நெஞ்சு வேற வலிச்சிக்கினே இருக்குது. நாளைக்கு வேற ஆள பாக்குறீங்களா?"

"இப்ப யாரப்பா நான் தேடுவேன்? ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு சமாளி."

"சரிங்க. நீங்க வர்ற வரைக்கும் நகர மாட்டேன்" என்றான். போனை அணைத்துப் பையில் போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு அவன் மேல் எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் முழுக்கக் கடல். மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, இதமான காற்று, கையில் ஜூஸ். பிரபாவதி நீச்சல் குளத்தில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சுகத்தை நான் கண்டதே இல்லை.

மதியம் 2.00. சங்கு ஊதியது. கப்பல் சங்கு இல்லை... எங்கள் ஷிப்ட் சங்கு. தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. பழக்கதோஷம் என்று என்னையே கிண்டல் செய்துகொண்டேன்.

2.35. ஜூஸில் ஈர நிலக்கரி வாடை. பாதியில் வைத்துவிட்டேன்.

3.00. நாற்காலிக்கு அடியில் அதிர்வு. கப்பல் இன்ஜின் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. எங்கள் நாலாம் நம்பர் பம்ப். அதுதான் நடுநடுவே இப்படித் தட்டும்.

கும்ம்ம்... டக். கும்ம்ம்... டக்.

4.10. பிரபாவதி வந்தாள். "யாருங்க இங்க சேத்துக் காலோட வந்தது?"

வெள்ளைத் தளத்தில் கருஞ்சேறு. பூட்ஸ் தடம். படிக்கட்டுப் பக்கமிருந்து வரவில்லை. கடல் பக்கக் கம்பியிலிருந்து... நேராக என் நாற்காலிக்குப் பின்னால். திரும்பிப் போன தடம் இல்லை.

துடைக்க ஆள் கூப்பிடப் போனாள்.

4.20. பின்கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு.

"அண்ணே... வந்துட்டீங்களா?"

திரும்ப முடியவில்லை.

"ரொம்ப நேரமா நிக்கிறேங்க..."

பயத்தில், பழகிய வார்த்தை தானாக வாயில் வந்தது.

"நான் பாத்துக்கிறேன்... நீ போ."

பம்ப் சத்தம் நின்றது.

சேறும் இல்லை.

மறுநாள் கரைக்கு வந்து போனை உயிர்ப்பித்தேன். பதினேழு மிஸ்டு கால். இரவு பத்து மணி ஷிப்டுக்கு வந்தவர்தான் பார்த்திருக்கிறார். கலியன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். உயிர் போனது மதியம் பன்னிரண்டுக்கு முன்பே என்றார் டாக்டர்.

முத்தாண்டிக்குப்பத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சின்னம்மாள் என்னைப் பார்த்து, "உங்களுக்காவத்தான் போனாருங்க" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. நான் கொன்றதற்குச் சமம்தான் அது.

பிறகு லாக் புக்கைப் பார்த்தேன். 1.00, 2.00, 3.00, 4.00... எல்லா ரீடிங்கும் கலியன் கையெழுத்தில். கடைசி வரி:

"4.20. துரைராஜ் அண்ணன் வந்தார். டூட்டி ஒப்படைத்தேன்."

பக்கத்தில், டூட்டி வாங்கியவர் போடவேண்டிய இடத்தில், என் கையெழுத்து.

அன்றிலிருந்து காலுக்கு அடியில் மறுபடி அந்த அதிர்வு, இதை எழுதும்போதும் இருக்கிறது. டூட்டி வாங்கியவன் நகரக் கூடாது. என்னை மாற்ற இன்னும் ஆள் வரவில்லை.