கரிக்குப் போன நிழல்

காலை ஆறரைக்குப் போடி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். இரவெல்லாம் தூக்கமில்லை, எல்லோர் மீதும் எரிச்சலாக வந்தது. வேலூர்ப் பக்கத்தில் எங்கள் வயல் தோல் ஆலைக் கழிவில் கெட்டு, புல்கூட முளைக்காமல் கிடக்கிறது. மண்ணில் மரக்கரியைக் கலந்தால் அது உலோக நஞ்சை வேருக்கு விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டேன். குரங்கணி மலையில் அப்படிச் செய்து பார்த்த ராசு என்பவரின் குடும்பத்தைத் தேடித்தான் இந்தப் பயணம்.

குரங்கணி பதினாறு கிலோமீட்டர். ஜீப்பில் ஐம்பது ரூபாய் கொடுத்து உரமூட்டை மேல் உட்கார்ந்து போனேன்.

"ராசு அண்ணன் தோட்டத்துக்கா? வெரசாப் பாத்துட்டு எறங்கிருங்க. மத்தியானம் மழை இருக்கு" என்றார் ஓட்டுநர்.

அங்கிருந்து ஒரு மணி நேர ஏற்றம். ஒன்பதரை மணிக்கு மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது ராசுவும் அவர் மனைவி பேச்சியம்மாளும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு சொம்பு வந்தது.

அவர்களுடையது ஏலத்தோட்டம். மழைக்காலத்தில் ஏலக்காய் அழுகும். அதைத் தடுக்க, துரிசு என்கிற நீலச் செம்பு உப்பைச் சுண்ணாம்போடு கரைத்து அடிப்பார்கள். ராசுவின் அப்பா காலத்திலிருந்து அடித்தது மண்ணில் தங்கி, புதிதாக வைத்த நாற்றெல்லாம் வேர் கருகிச் செத்தது.

"எங்களுக்கு இருக்கறது இந்த ஒரு சரிவுதான் தங்கச்சி. இது போச்சுன்னா அடுத்தவன் எஸ்டேட்டுல காய் பொறுக்கணும்" என்றார் ராசு. "கரியப் போட்டேன். வந்து பாரு."

மூவரும் போனோம். மண் கன்னங்கரேலென்று இருந்தது. நாற்றுகள் வேர்பிடித்து நின்றன. ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் இலைகளைப் பார்த்தேன். ஓரமெல்லாம் வைக்கோல் நிறத்தில் காய்ந்திருந்தது.

"இதுவும் துரிசாலயா அண்ணே?"

அவர் பிடுங்கிய நாற்றைத் திரும்ப ஊன்றினார். பேச்சியம்மாள் பேசினார்: "வெயிலு. நெழல் இல்லாம ஏலம் நிக்குமா? கரிக்கு வெறகு வேணும்னு பலாவ வெட்டுனாக, முருக்க மரத்த வெட்டுனாக. வேணாம்னு கையப் புடிச்சேன்."

"மண்ணு செத்துக் கெடந்தா நெழலு இருந்து என்னத்துக்குடீ?"

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். நாற்றுக்கு நாற்று இடையில் அடிக்கட்டைகள். தலைக்கு மேலே வெறும் வானம்.

"புது மரம் வச்சிருக்கேன், வளந்துரும்" என்றார் ராசு. அவர் காட்டிய கன்று என் முழங்காலுக்கு வந்தது. அது நிழல் தரும்வரை இந்த நாற்றுகள் தாங்காது என்று மூவருக்கும் தெரிந்தது.

மழைக்கு முன்னால் இறங்கினேன். "உங்க மண்ணுலயும் போட்டுப் பாரு தங்கச்சி" என்று ஒரு பை கரியைக் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை வீடு வந்தேன். கெட்டுப்போன எங்கள் வயலோரத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு வேப்பமரம். அதன் அடியில் பையை இறக்கிவைத்து அண்ணாந்து பார்த்தேன். இந்த மரத்தை வெட்டி எரித்தால் எவ்வளவு கரி தேறும் என்றுதான் முதலில் தோன்றியது. என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருந்தது.