எண்ணெய் குடிக்காத வேனும் என் இரண்டு கால்களும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. ஜெலுத்தோங்கில் பழைய காடி, வேன் எல்லாம் விற்கும் ஒரு கடையில், ஒரு வெள்ளை வேனின் பின்பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தேன்.

மயங்கி விழவில்லை. முழு சுயநினைவோடுதான். தலை, டிரைவர் சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. கணுக்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் பின்கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என் உயரம் ஆறடி ஓரங்குலம். அது என் குற்றமா?

கடைக்காரர் முருகையா குனிந்து பார்த்தார்.

"அண்ணே, ஒங்க பத்திய பேப்பர்ல வாரா வாரம் படிக்கிறேன்லா. இத மட்டும் எழுதிடாதீங்க."

எழுதாமல் எப்படி இருப்பது? இரண்டு மாதமாக நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

என் மனைவி வசந்தா. அரசாங்க மருத்துவமனையில் முப்பத்து மூன்று வருஷம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தவள். இந்த வருஷம் ஓய்வு. ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? கோயில், டிவி, கால்வலித் தைலம். வசந்தா மறு வாரமே காலைச் சாப்பாட்டின்போது சொன்னாள்:

"நான் ஒரு வேன் வாங்கப் போறேன். அதுலயே சமைச்சு, அதுலயே படுத்து, ஊரூரா சுத்தப் போறேன்."

நான் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

கணவன்மார் சொல்லும் இந்த 'ம்' இருக்கிறதே... நம் அகராதியில் அதற்கு 'காதில் விழவில்லை' என்று அர்த்தம். மனைவிமார் அதைச் சம்மதம் என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

நிஜமாகவே எழுதி வைத்தாள். ஒரு நோட்டுப் புத்தகம். நோயாளியின் சார்ட்டை எழுதுகிற அதே குண்டு எழுத்து. உட்கார்ந்தால் தலை இடிக்கக் கூடாது. படுக்கையும் அடுப்பும் வைத்த பிறகு நடக்க இடம் வேண்டும். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டராவது ஓட வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உலகத்தில் இடமும் சிக்கனமும் மாமியார் மருமகள் மாதிரி — ஒரே வண்டியில் ஏறாது. இடம் பெரிதானால் வண்டி கனக்கும். கனத்தால் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் குடிக்காத வண்டியைப் பார்த்தால் தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும்.

முதலில் பார்த்தது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த டீசல் வேன். உள்ளே நான் நிமிர்ந்து நின்றேன்! அறுபத்திரண்டு வயதில் ஒரு வண்டிக்குள் நிமிர்ந்து நிற்கிற சந்தோஷம் இருக்கிறதே... "இதேதான், முடிச்சிடு" என்றேன்.

வசந்தா கடைக்காரத் தவுக்கேயிடம் கேட்டாள். "லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?"

தவுக்கே என்னைப் பார்த்துச் சொன்னார். "பாஸ், ஜிமாட்லா. நல்ல எஞ்சின்."

சிக்கனமாம். எவ்வளவு சிக்கனம்? வசந்தா மறுபடி கேட்டாள். அவர் மறுபடி என்னிடம் பதில் சொன்னார். மூன்று தடவை. எனக்கோ வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஹாரன் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான்.

"டீசல் விக்கிற வெலையில இத வச்சிக்கிட்டு ஒரு தடவ கோத்தா பாரு போய்ட்டு வந்தா பென்ஷன் காலி" என்று நோட்டில் ஒரு கோடு கிழித்தாள். என் சந்தோஷத்தின் மேல் விழுந்த கோடு அது.

இரண்டாவது, பாசாருக்கு மீன் ஏற்றிய வேன். சைக்கிள் மாதிரி சிக்கனம். கதவைத் திறந்ததும் கெம்போங் மீனும் கணவாயும் ஒன்றாக வந்து வரவேற்றன. "கழுவினா போயிடும்" என்றாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதெல்லாம் மனுஷன் வாழுற எடமா?" என்றேன். அடுப்பு வைத்தால் நடக்க இடமில்லை என்று அவளே கோடு கிழித்துவிட்டாள்.

மூன்றாவதைப் பார்க்கப் பட்டர்வொர்த் வரை போனோம். எல்லாம் உள்ளேயே பொருத்திய வேன். பாத்திரம் கழுவுகிற தொட்டி, குட்டி ஃபிரிட்ஜ், சுவரில் ஒரு கடிகாரம் கூட. வசந்தா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். விற்க வந்த இளைஞர் சிரித்தார்.

"அக்கா, வீடு வாங்குறப்ப மைலேஜ் கேப்பீங்களா?"

"வீடு ஓடாது தம்பி. இது ஓடணும்."

இன்னொரு கோடு.

இப்படியே ஏழு சனிக்கிழமை. முதல் வேனைத் தவிர ஒவ்வொன்றிலும் நான் குனிந்து ஏறி, தலையை இடித்துக்கொண்டு, குனிந்தே இறங்கினேன். இடுப்பில் பிளாஸ்திரி. வேலையில் இருந்தபோதுகூட சனிக்கிழமை இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

எட்டாவதுதான் முருகையாவின் வெள்ளை வேன். பெட்ரோல் வண்டி. லிட்டருக்கு இவ்வளவு ஓடும் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். வசந்தா நம்பவில்லை. "எண்ணெய் முழுசா ஊத்துவோம். பாலிக் புலாவ் மலை ஏறி எறங்கி, அதே பம்புக்கு வந்து திரும்ப ஊத்துவோம். எவ்வளவு பிடிக்குதுன்னு பாத்தா தெரிஞ்சிடும்."

முருகையா தலையைச் சொறிந்துகொண்டு சாவியைக் கொடுத்தார். "இருவது வருஷமா யாவாரம் பண்றேன்க்கா. யாரும் இப்படிக் கேட்டதில்ல."

அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில், முழங்கால் இரண்டும் மோவாய்க்குக் கீழே. ஒவ்வொரு வளைவிலும் என் தலை ஜன்னலுக்குச் சலாம் போட்டது. திரும்பி வந்து ஊற்றிப் பார்த்தால் — லிட்டருக்குப் பதினாலு! வசந்தாவின் முகத்தில் இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

கடைக்கு வந்ததும் அவள் பின்னால் ஏறிப் படுத்துப் பார்த்தாள். ஐந்தடி ஓரங்குலம். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் மிச்சம். அப்புறம்தான் நான் படுத்தேன். அதைத்தான் முதலிலேயே சொன்னேனே.

"இது வேண்டாம்" என்றேன், படுத்தபடியே. "காலு வெளிய நிக்குது."

"எனக்கு சரியா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். ஏழு சனிக்கிழமையும் ஒன்றாகச் சேர்ந்து வெடித்தது. எழுந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது. கோபம் இரட்டிப்பானது.

"ஒனக்கு சரியா இருந்தா போதுமா? நான் எங்க படுப்பேன்? கூரைக்கு மேலயா?"

வசந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமில்லை. நிஜமான ஆச்சரியம்.

"நீங்களும் வரீங்கன்னு எப்ப சொன்னீங்க?"

முருகையா, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளே போய்விட்டார்.

எதிரே ஒரு தே தாரிக் கடை. போய் உட்கார்ந்தோம். இரண்டு தே தாரிக் வந்தது.

"அப்ப எட்டு வாரமா நான் எதுக்கு கூட வந்தேன்னு நெனச்ச?" என்று கேட்டேன்.

"காடி ஓட்டிக்கிட்டு வந்தீங்க" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆம்பள கூட நின்னாதான் கடைக்காரங்க பேசவே செய்றாங்க" என்றாள்.

அதாவது, நான் ஒரு நுழைவுச் சீட்டு.

"மொத வேன விட்டா மத்த எல்லாத்துக்கும் மூஞ்சிய சுளிச்சீங்க. மனுஷன் வாழுற எடமான்னு கேட்டீங்க. வர ஆசைப்படுறவரு அப்படியா பேசுவாரு? நான் ஆரம்பத்துலயே 'நான்'னுதான் சொன்னேன். 'நாம'ன்னு சொல்லல."

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு வசந்தா. தனியா போற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல." கிளாஸை மேசையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நான் அந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரு கதவ சாத்திப் படுத்ததில்ல. அவ்வளவுதான்."

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு, என் அப்பா வாங்கியது. மேலே அண்ணன் குடும்பம், கீழே நாங்கள். கீழே பின்பக்கம் இருக்கும் ஒரே குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் அறை வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காலத்து வீட்டமைப்பு அப்படி. அதனால் எங்கள் அறைக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும்.

"நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து பகல்ல படுப்பேன். கட்டிலச் சுத்தி ஒரு ஆள் துண்டோட போவும், ஒரு ஆள் வாளியோட வரும். புடவை மாத்துறதுக்குக்கூட குளியலறை காலியாவற வரைக்கும் நிப்பேன். எனக்கு ஒரு கதவு வேணும். உள்ள நான் மட்டும் இருக்கணும். வேன்ல அது இருக்கு."

"நீ ஒரு வார்த்த சொல்லவேயில்லையே!"

"நீங்களும் அந்த ரூம்லதான இருந்தீங்க."

தே தாரிக் ஆறிப் போயிருந்தது. குடித்து முடித்தேன். வேறென்ன செய்ய?

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. அறுபத்திரண்டு வயதில் கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ரத்த அழுத்த மாத்திரை எங்கே என்று கேட்க வேண்டும், கேட்க முடியாது. நியாயம் என் பக்கம் என்று முதல் நாள் தோன்றியது. இரண்டாம் நாள், கட்டிலில் படுத்தபடி கணக்கெடுத்தேன். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் எங்கள் அறையைக் கடந்து ஆள் போனது பதினோரு தடவை. அண்ணன் பேரன் ஒருவனே நாலு தடவை. ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை. தட்டவும் ஏது வழி? கதவு திறந்துதானே கிடக்கிறது.

மூன்றாம் நாள் ஆசாரியைக் கூட்டிவந்தேன். சாமான் அறைச் சுவரில் ஒரு வாசல் திறந்தால் குளியலறைக்கு வேறு வழி கிடைத்துவிடும் என்றார். பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். எனக்கு முப்பத்தோரு வருஷம் தோன்றவில்லை.

அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "இத்தன வருஷமா இல்லாத வழி இப்ப எதுக்குடா? வசந்தா எதும் கோவிச்சுக்கிச்சா?"

"இல்லண்ணே. நான்தான் கோவமா இருக்கேன்."

"யாரு மேல?"

ஆசாரி பக்கம் திரும்பி, சுவரை உடைக்கச் சொன்னேன். அண்ணன் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புழுதி இன்னும் அவர் காடி மேல் இருக்கிறது.

எங்கள் அறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். வசந்தா வந்து நின்று பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள். மறுபடி போட்டாள். கண் கலங்கியதா? எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை.

"நல்லாருக்கு" என்றாள். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். முடிந்தது வேன் கதை!

"வியாழக்கெழம வேன என் பேருக்கு மாத்தப் போறேன். நீங்க வர வேண்டாம். முருகையா தம்பி என்கிட்டயே நல்லா பேசுது."

போன திங்கட்கிழமை காலை, அரிசி, அடுப்பு, மூன்று புடவை, ஒரு மடக்கு நாற்காலியோடு கடல் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டாள். டிரைவர் சீட்டில் தலையணை போட்டு உயரமாக உட்கார்ந்துகொண்டு. நான் வாசலில் நின்று கையசைத்தேன். அண்ணியும் மாடியில் நின்று கையசைத்தார். அண்ணி கையசைத்ததில் கொஞ்சம் பொறாமை தெரிந்தது.

அன்று சாயங்காலம் தைப்பிங் ஏரிக்கரையிலிருந்து ஒரு படம் வந்தது. வேனுக்குள்ளிருந்து எடுத்தது. ஜன்னலில் பூப்போட்ட திரை, வெளியே மழை, மடியில் ஒரு தட்டு மீ கோரெங். முகம் படத்தில் இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

தாழ்ப்பாள் போட்ட அறையில், பெரிய கட்டிலில், கால் இரண்டையும் தாராளமாக நீட்டிக்கொண்டு, நான் ஒரு செய்தி அனுப்பினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் இப்படி ஒரு கேள்வி: 'நானும் வரலாமா?'

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. சட்டை இஸ்திரி போட்டேன். போனைப் பார்த்தேன். மாத்திரை போட்டேன். போனைப் பார்த்தேன். நாற்பது நிமிஷம்! கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து காத்திருந்தபோதுகூட இவ்வளவு பதற்றம் இல்லை.

பதில் வந்தது. 'வாங்க. வெள்ளிக்கெழம பஸ்ல ஈப்போ வந்திடுங்க. ஸ்டேஷன்ல வந்து ஏத்திக்கிறேன். பகல்ல ஒண்ணா சுத்தலாம். படுக்க நீங்க ஹோட்டல்ல ரூம் போட்டுக்குங்க.'

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஹோட்டலும் சொல்லியாகிவிட்டது, ஒற்றைக் கட்டில் போதும் என்று.

கட்டின மனைவியிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று முதன்முதலில் சொன்னவர் யாரோ தெரியாது... நிச்சயமாக அவர் ஒரு கணவராகத்தான் இருந்திருப்பார்!