ஆட்டுக்குத் தலைவலி

கார் சீட் கவர் தைக்கிற கடையில் அவரை எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயதில் பிலிப்பைன்ஸ்காரர்கள் பேசுகிற தகலாகு மொழி படிக்கக் கிளம்பியதும் கிண்டலடித்தே கொன்றார்கள். என்ன செய்வது, மருமகள் அந்த மொழிக்காரி. மகனும் அவளும் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். மாமாவுக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. மகனுக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். மற்ற நாளெல்லாம் மாமனாரும் மருமகளும் ஊமைகள் மாதிரி எத்தனை காலம்தான் இருப்பது?

போனில் ஒரு வாத்தியார் கிடைத்தார். எந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாலும் அதில் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டிவிடுகிற ஆள். 'ஆட்டுக்குத் தலை வலிக்கிறது.' 'ஆட்டின் புருஷன் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான்.' மாமாவும் மிஷினை மிதித்துக்கொண்டே முழுசாக உருப்போட்டார். தனி வார்த்தையாகப் பிரித்துச் சொல்லத்தான் அவருக்கு வராது. சாயங்காலம் ஒப்பித்தால் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மனைவி போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. இவள் இருந்தால் போதும் என்று மாமாவுக்கு ஆகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, மகன் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. ஐந்து விரலும் பதிந்த தடம். மாமா கிட்டே போனார். வலிக்கிறதா என்று கேட்க வாயைத் திறந்தார்.

"மசகித் அங் ஊலோ நங் கம்பிங்?"

ஆட்டுக்குத் தலை வலிக்கிறதாம். பாவி மனுஷன், கேட்கிற நேரமா இது? அவள் சிரிக்கவில்லை. குழாயை மூடினாள்.

"அசாவா," என்றாள், கையைத் தொட்டுக் காட்டி. புருஷன். பிறகு கடகடவென்று என்னென்னவோ சொல்லி அழுதாள். அதில் அவருக்குப் பிடிபட்டது 'ஊவி' ஒன்றுதான். வீட்டுக்குப் போவது. அவளுடைய வீட்டுக்கு. அழுதுகொண்டே உள்ளே போய்ப் பெட்டியில் துணியை அடைக்க ஆரம்பித்தாள்.

இந்தப் பாழாய்ப்போன பாஷையைப் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார். நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

போன் அடித்தது. மகன்தான்.

"அவ போனை எடுக்க மாட்டேங்கிறாப்பா. ஊருக்குப் போறேன்னு மெசேஜ் போட்டிருக்கா, போக விட்றாதீங்க. நீங்க சொன்னா கேப்பா."

"அடிச்சியாடா?"

"கோவத்துலப்பா..."

மாமா போனை வைத்துவிட்டார்.

அவள் பெட்டியோடு வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் சொன்னது நிஜம்தான், அவர் சொன்னால் கேட்பாள். 'டீட்டோ கா லாங்', இங்கேயே இரு. போன வாரம்தான் படித்தது, தொண்டை வரை வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் படியிறங்கினார்.