தள்ளிப்போடவும் வரவழைக்கவும்

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் படைப்புக்கு வரும் பெண்களின் கைப்பையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். முன்னோருக்குப் புதுச்சேலை வைத்து, சமைத்துப் படைக்கும் நாள் அது. சமையல் மருமகள்களுடையது, மாதவிலக்கானவர்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. அதனால் தேதி நெருங்குபவர்கள் தள்ளிப்போடும் மாத்திரை விழுங்குவார்கள். மருத்துவர் சீட்டெல்லாம் கிடையாது. ஒருவர் வாங்கிவந்தால் நாலு பேருக்கு ஆகும்.

எனக்கு அந்த ஆண்டு மாதக்கணக்கில் வரவேயில்லை.

"குடுத்து வச்சவடி நீ. நாங்கதான் மாத்திரையைப் போட்டுட்டு மண்டையிடியோட கெடக்கோம்" என்றார் மூத்த ஓர்ப்படியாள், என் கணவரின் அண்ணன் மனைவி. நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தக் கொடுப்பினையோடு எடை ஏறியது, தாடையில் முடி முளைத்தது, பின்கழுத்து கறுத்தது. சங்கிலி அழுக்கு என்று சொல்லி மாமியார் கடலைமாவு தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். கழுத்து எரிந்ததுதான் மிச்சம். குழந்தைக்காகக் காத்திருக்கும் இரண்டாவது வருடம் அது.

கர்ப்பமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "ஹார்மோன் கோளாறும்மா. முட்டை சரியா வெளிய வரல. இன்சுலின் பேச்சையும் உடம்பு கேக்கல, அதான் கழுத்துக் கறுப்பு. இப்படி வராமலே இருந்தா கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும். மொதல்ல அதை வரவழைப்போம். வந்த மறுநாள் வாங்க, முட்டைக்கு மருந்து ஆரம்பிச்சிரலாம்."

அதற்கு அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டையை வீட்டில் பார்த்த ஓர்ப்படியாள் சிரித்துவிட்டார். "ஏண்டி, இது நாங்க தள்ளிப்போடப் போடுறதுதானே!"

மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று டாக்டருக்குப் போன் போட்டேன். "ரெண்டுக்கும் அதேதாம்மா. முழுங்குற வரைக்கும் தள்ளி நிக்கும். நிப்பாட்டுனா சில நாள்ல வந்துரும்."

நிறுத்தும் நாளைக் கணக்குப் பார்த்தால், வருவது படைப்பையொட்டி விழுந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு. படைப்பு முடியிற வரைக்கும் முழுங்கிக்கிட்டே இரு" என்றார் ஓர்ப்படியாள். அவர் கவலை அவருக்கு. சமையலுக்கு ஆள் குறைவு.

"இல்ல ஆச்சி, டாக்டர் சொன்ன நாள்லயே நிப்பாட்டுறேன். இன்னும் தள்ளிப்போட எனக்குத் தெம்பில்ல."

இருவரும் மாமியாரைப் பார்த்தோம். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "படைச்சுட்டு நான் என்னத்தக் கேக்கப் போறேன்? இவளுக்கு ஒரு பிள்ளையத்தானே. நிப்பாட்டட்டும்."

படைப்புக்கு முதல் நாள் காலையில் வந்தது. குளியலறையிலிருந்தே கத்தினேன். வீடே ஓடிவந்தது.

மறுநாள் பங்காளிகள் கார்களில் வந்து இறங்க, நானும் கணவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். "சின்ன மருமக எங்குட்டுப் போறாக?" என்று யாரோ கேட்டார்கள்.

மாமியார் குரலைத் தாழ்த்தவே இல்லை. "தூரமாயிட்டா! நேத்துத்தான் வந்துச்சு!"

கல்யாணச் செய்தி சொல்லும் குரல். கேட்டவர் வாழ்த்துவதா, விலகி நிற்பதா என்று தெரியாமல் நின்றார். உள்ளேயிருந்து ஓர்ப்படியாள், "அது சரி, தேங்கா யாரு திருவுறது?" என்று கத்தினார். கார் கிளம்பிவிட்டது.