புள்ளி தெரியாத நிறம்

நான்காம் வகுப்பு படித்தபோது, கொலுப் படிக்குக் கீழே பார்க் வைக்கும் பொறுப்பை வீட்டில் என்னிடம் விட்டார்கள். சிட்லபாக்கம் ஏரிதான் வைப்பேன் என்று ஒரே பிடிவாதம் பிடித்தேன். அப்பா ஷேவிங் செய்யும் கண்ணாடி ஏரியாயிற்று. கரையில் நிற்க எங்கள் வீட்டு ஆட்கள் நால்வரையும் கட்டைவிரல் உயரத்துக்குக் களிமண்ணில் பிடித்தேன். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான்.

வர்ணம் பூசுவதில்தான் என் கெட்டிக்காரத்தனம் எல்லாம் வெளிப்பட்டது. கடையில் ஸ்கின் கலர் என்று கொடுத்த பாட்டிலில் வெளிர் ரோஸ் இருந்தது. அந்த நிறத்தில் எங்கள் தெருவிலேயே ஆள் கிடையாது. நானே பழுப்பில் மஞ்சளும் வெள்ளையும் துளி சிவப்பும் குழைத்து, அவரவர் முன்கையில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை விடவில்லை. அத்தை மட்டும் கையைத் திருப்பி, வெளுத்த உள்பக்கத்தை நீட்டினாள். வெயில் படும் பக்கம்தான் வேண்டும் என்று நான் திருப்பி வைத்தேன். மிச்சக் கலவையை ஆளுக்கொரு பாட்டில் மூடியில் ஊற்றி ஈரத்துணி போட்டுப் பத்திரப்படுத்தினேன்.

மறுநாள் மாலை ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கொலு பார்க்க வந்தது. உண்மையில் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள். பிடிக்காமல் போனால் யாருக்கும் சங்கடம் வேண்டாமே என்றுதான் கொலு. அதையெல்லாம் என்னிடம் யார் சொன்னார்கள்? நிறத்தைச் சொல்லியே மூன்று இடம் தட்டிப்போனதும், இந்த முறை ஸ்டுடியோவில் வெளுப்பாக்கிய போட்டோவை அனுப்பியிருந்ததும் எனக்குத் தெரியாது.

பையனின் அம்மா பொம்மைகளை ஆசையாகத்தான் பார்த்தார். “இதுல உங்க அத்தை யாரும்மா?” காட்டினேன். “அத்தையைப் போய் இவ்ளோ கறுப்பா பண்ணிட்டியே” என்று சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அத்தை, முகத்தில் பவுடரும் கையில் காபித் தட்டுமாக வந்தாள். அவளுக்கான மூடியில் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு ஓடி, முன்கையில் ஒரு புள்ளி வைத்தேன்.

“பாருங்க ஆன்ட்டி, தெரியுதா? கரெக்டாதான் கலந்திருக்கேன்.”

தெரியவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் அத்தையால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அம்மா கையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு காபியை எடுத்துக்கொண்டார். என்னைப் பாராட்ட வார்த்தை தேடுகிறார்கள் என்று நினைத்தேன்.

சுண்டலும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு, போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனார்கள். கேட்டைச் சாத்தியதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

“அவளை ஏன் அண்ணி அடிக்கிறீங்க? இருக்கிறதைத்தானே காட்டினா” என்று சொல்லிவிட்டு அத்தை வாஷ்பேசினுக்குப் போனாள்.

பின்னாலேயே போனேன். புள்ளி எங்கே இருக்கிறதென்று தெரியாததால், முழங்கையிலிருந்து விரல்வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வைத்த இடம் எனக்குத் தெரியுமே, தொட்டுக் காட்டினேன். தண்ணீர் பட்டதும் அது எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. “போயிடுச்சு அத்தை” என்றேன். அவள் நிறுத்தவில்லை. குழாய்ச் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.