கழுவினால் நிற்கும் சத்தம்

எங்கள் பட்டாசு ஆலை சாத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மழை பெய்துவிட்டால் கார் உள்ளே போகாது. போனால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். அதற்காகவே என் வீட்டுக்காரர் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தாங்கியதில்லை. தினமும் காலையில் சிவகாசியிலிருந்து இருவரும் அதில்தான் போவோம். அவர் ஷெட்டுகளைச் சுற்றிப் பார்ப்பார். நான் முன்பக்கம் ஆபீசில் உட்கார்ந்து ஆர்டர்களைக் கவனிப்பேன்.

போன வருடம் ஆடி மாதத்தில் அந்த வண்டி கீச்சிட ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் மெதுவாக, வேகம் எடுத்தால் வேகமாக, என் காலடியில் குருவிக் குஞ்சு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். அவரிடம் சொன்னேன்.

"எங்கன? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஆடிக் காத்து கண்ணாடி வழியா வருது."

காற்று எந்த ஊரில் சக்கரத்தோடு சேர்ந்து தாளம் போடுகிறது? நச்சரித்து நச்சரித்து, சூலக்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வைத்தேன். மெக்கானிக் எங்களையும் ஏற்றிக்கொண்டு பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஆலைக்குப் போகும்போது மறுபடியும் கீச்சு. இன்னொரு முறை கொண்டுபோனோம். அப்போதும் அதே கதைதான். மெக்கானிக் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார். என் வீட்டுக்காரர் அந்த மரியாதையும் பார்க்கவில்லை.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் இருவரில் ஒருவருடைய காது சரியில்லை. என் காது என்றால் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அவர் காது என்றால் அப்படி விட முடியாது. ஷெட்டில் எங்காவது பொறி தட்டினால் முதலில் பார்த்தவர் கத்துவார், கேட்டவர்கள் ஓடுவார்கள். அந்த ஒரு குரலை நம்பித்தான் அங்கே எல்லாரும் நிற்கிறார்கள். காது மந்தமானவர்களை வெடிமருந்துப் பக்கம் விடக்கூடாது என்று ஆலையில் சட்டம் போட்டவரே அவர்தான். இத்தனை வருடமாக, புதுச் சரக்கை வெடித்துப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்றவரும் அவர்தான். அதனால் அது என் காதாகவே இருக்கட்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது முறை கிளம்பியபோது ஆலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எங்கள் பக்கத்து வண்டிகளில் பட்டாசு மருந்துத் தூசி படிந்திருக்கும். பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கும். ஆகவே மேலும் கீழும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாமல் வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப மாட்டோம். அன்றைக்கு வேறு வழியில்லாமல், வெல்டிங் இல்லாத ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே கிளம்பினோம். வழியெல்லாம் குருவி கத்திக்கொண்டே வந்தது. பட்டறை வாசலில் நுழையும்போதே மெக்கானிக் கையைத் தூக்கினார்.

"அக்கா, தூரத்துல வரும்போதே கேக்குதுக்கா."

கேட்டதும் எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சாய்த்தார்.

"ஆமா, இப்ப நல்லாக் கேக்குது," என்றார்.

எனக்கு உயிர் வந்தது. மனிதர் கவனிக்காமல் இருந்திருக்கிறார், காதில் ஒரு குறையும் இல்லை. வேண்டுதலைக்கூட மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, முன் சக்கரங்களுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டைப் பிடித்து ஆட்டினார். தண்டின் முனையில் இருந்த ஜாயிண்ட் கிரீஸ் இல்லாமல் காய்ந்து கிடந்தது. "தண்ணி பட்டா இது கொஞ்ச நேரத்துக்கு வாய மூடிக்கிடும். நீங்க கழுவிக் கழுவிக் கொண்டாந்து காமிச்சா எனக்கு எப்படிக்கா கேக்கும்?" என்றார். பிறகு எழுந்துபோய், டயருக்குக் காற்றுப் பிடிக்கும் மெஷின் இரைந்துகொண்டிருந்த பக்கமாக நின்று என் வீட்டுக்காரரிடம் பேசினார். புது ஜாயிண்ட் மதுரையிலிருந்து நாளை மறுநாள்தான் வரும், அதுவரை நாலு சக்கரத்தையும் சேர்க்கும் லிவரைத் தொட வேண்டாம், மெதுவாக ஓட்டலாம் என்று சொன்னார். அவர் "சரி, சரி" என்று தலையாட்டினார்.

கிளம்பினோம். பட்டறையைத் தாண்டியதுமே சத்தம் தொடங்கிவிட்டது. பைபாஸில் ஏறியபோது பக்கத்தில் பேசினால்கூடக் காதில் விழாத அளவுக்குக் கீச்சிட்டது. அவர் என் பக்கம் திரும்பி வாய் நிறையச் சிரித்தார்.

"பாத்தியா? கை வச்சதும் நின்னு போச்சு. இப்ப எம்புட்டு அமைதியா இருக்கு."

கேலி இல்லை, பொய்யும் இல்லை. என் மனம் குளிரட்டும் என்று சொன்ன சொல். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

"வண்டிய ஓரங்கட்டுங்க," என்றேன்.

அதுவும் கேட்கவில்லை. தோளைத் தொட்டுக் கையைக் காட்டினேன். புளியமரத்தடியில் நிறுத்தி என்ஜினை அணைத்தார். அவர் பக்கம் சாய்ந்து உரக்கச் சொன்னேன்.

"இன்னும் சரி பண்ணலைங்க. பார்ட்ஸ் வந்தாத்தான் பண்ணுவாரு. உங்க மூஞ்சிக்கு நேராத்தான சொன்னாரு? வண்டி இப்பவும் கத்திக்கிட்டேதான் வந்துச்சு."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போன தீவாளி சீசன்லயே தெரியும். மொதல்ல போன் மணி போச்சு. பெறகு பொம்பளையாளுக கொரலு. ஆம்பள பேசுனா ஓரளவுக்குப் பிடிபடுது."

எங்கள் ஷெட்டுகளில் வேலை பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

"தெரிஞ்சுக்கிட்டா தினமும் உள்ள போனீக?"

"ஆளுகளப் பாத்துக்கிட்டேதான் நிப்பேன். அவுக ஓடுனா நானும் ஓடிருவேன்."

"முதுகுக்குப் பின்னால ஓடுனா?"

எனக்கு முதலில் வந்தது கோபம். அடிக்கலாம் போல இருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடமாக இந்த மனிதர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே போய் நின்றிருக்கிறார். போகாவிட்டால் ஆலையில் தனக்கு என்ன வேலை என்று பயந்திருக்கிறார். அது புரிந்ததும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை ஆலை வாசலில் வேன்களிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியிலிருந்து இறங்கி ஃபோர்மேனைக் கூப்பிட்டார்.

"இனிமே ஷெட்டுக்குள்ள நான் வரமாட்டேன். எனக்குக் காது கேக்கல. நீங்க பாத்துக்கிடுங்க."

தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். திரி வைக்கும் பெண்களில் ஒருத்தி சாப்பாட்டுத் தூக்கோடு என் பக்கத்தில் வந்தாள்.

"எங்களுக்கு முன்னமே தெரியும்க்கா. மொதலாளி உள்ள வந்தா எங்கள்ல ஒரு ஆளு அவுகளுக்குப் பின்னாலயே நிக்கும். ஏதாச்சும் ஒண்ணுன்னா சட்டையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் ஓடணும்னு பேசி வச்சிருந்தோம்."

அவர் அவளுடைய உதடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுது அந்தப் பிள்ள?"

அவர் காதருகே போய் நான்தான் உரக்கச் சொல்ல வேண்டும். அவர் சட்டையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன்.